கிரேமா இத்ராத்தாந்தே பூசினால் நீரிழப்பு தீருமா?

இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள பலெர்மோவில் 84 வயது அம்மையார் ஒருவரை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ளும் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். அம்மையாரின் மகன் பிரிட்ஜ் கதவில் ஒரு கடதாசி ஒட்டியிருக்கிறார்: காலையும் இரவும் "கிரேமா இத்ராத்தாந்தே" (ஈரப்பதக் கிரீம்) பூச வேண்டும், "மம்மா" எப்போதும் "பென் இத்ராத்தாத்தா" ஆக இருக்க வேண்டும். போன கிழமை வந்த வைத்தியர் பார்த்துவிட்டு, "லா சிஞ்ஞோரா எ திசித்ராத்தாத்தா" என்றாராம். சகோதரி அன்றிலிருந்து கிரீமை நாளுக்கு நான்கு முறை பூசுகிறார். "மூன்று சொல்லும் ஒரே மாதிரித்தானே இருக்கின்றன, எல்லாம் தோல் காய்ந்ததைத்தான் சொல்கின்றனவா? மகன் கோப்பில் வைத்திருக்கும் இன்னொரு கடதாசியிலும் 'இத்ரத்தாத்ஸியோனே' என்று இருக்கிறது. அது என்ன? பிழையாக விளங்கி ஏதாவது செய்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது" என்று கேட்கிறார்.

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். வைத்தியர் சொன்னது தோலைப் பற்றி அல்ல. அம்மையாரின் உடம்பில் தண்ணீர் குறைந்துவிட்டது என்றுதான் சொல்லியிருக்கிறார். கிரீமை நான்கு முறை பூசினாலும் பத்து முறை பூசினாலும் அது சரிவராது. அவர் குடிக்க வேண்டும். இந்தப் பதிலை மிச்சம் வாசிப்பதற்கு முன், குடும்ப வைத்தியருக்கு, அதாவது உங்கள் "மேதிக்கோ தி பாசே"க்குத் தொலைபேசி எடுத்து ஒரு கேள்வி கேளுங்கள்: "குவாந்தோ தேவே பேரே அல் ஜோர்னோ?" ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்க வேண்டும் என்பதுதான் அது. அந்த அளவை மகனின் கடதாசிக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

இனி சொல்லுக்கு வருவோம். நான் ஆஸ்பத்திரியில் நம்மவர்களுக்கும் இத்தாலிய வைத்தியர்களுக்கும் நடுவே நின்று மொழிபெயர்க்கிறவன். இந்தக் குடும்பத்துச் சொற்கள் நிறையப் பேரைத் தடுமாற வைக்கின்றன. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஒரே வேரில் இருந்து வந்தவை என்பதால் காதில் ஒன்றுபோலத்தான் விழும்.

வேர் கிரேக்க மொழியில் தண்ணீருக்கு உள்ள சொல். ஆங்கிலம் அதில் "ஹைட்ரோ" என்று ஹகரத்தை வைத்துக்கொண்டது, இத்தாலியன் அதைக் கைவிட்டு "இத்ர" என்று ஆக்கிக்கொண்டது. "இத்ராத்தாரே" என்றால் நீர் ஏற்றுதல், ஈரப்பதம் கொடுத்தல். அந்த வினையிலிருந்து வந்ததுதான் "இத்ராத்தாந்தே": நீர் ஏற்றுகிற, ஈரப்பதம் கொடுக்கிற. உச்சரிக்கும்போது அழுத்தம் "தாந்" என்ற இடத்தில் விழும். கடைசித் "தே"யை "முத்தே" என்பதில் வருவது போல வல்லினமாகச் சொல்லுங்கள், மெலிந்தால் மருந்துக்கடையில் இன்னொரு முறை கேட்பார்கள்.

இந்த "ஆந்தே" முடிவை நீங்கள் ஏற்கெனவே ஒவ்வொரு நாளும் வாயால் சொல்கிறீர்கள். உங்கள் வேலைக்கு இந்த நாட்டில் என்ன பெயர்? "பதாந்தே". "பதாரே" என்றால் கவனித்துக்கொள்ளுதல், பதாந்தே என்றால் கவனித்துக்கொள்கிறவர். பாடுகிறவர் "காந்தாந்தே", படிப்பிக்கிறவர் "இன்சென்ஞாந்தே". "ஆந்தே" என்று முடிந்தால் அந்தக் காரியத்தைச் செய்கிற ஆள் அல்லது செய்கிற பொருள். ஆகவே இத்ராத்தாந்தே என்பது எப்போதும் கொடுக்கிற பக்கம்: ஒரு கிரீம், ஒரு பானம், ஒரு ஷாம்பு, ஒரு முகக்கவசப் பூச்சு.

"இத்ராத்தாத்தா" பெற்றுக்கொண்ட பக்கம். தண்ணீர் போய்ச் சேர்ந்த உடம்பு, ஈரப்பதம் கிடைத்த தோல். மகன் எழுதிய "பென்" என்றால் நன்றாக. உங்கள் துறையில் பராமரிக்கப்படுபவரை "அஸ்ஸிஸ்தீத்தா" என்று கடதாசிகளில் எழுதுவார்கள், பார்த்திருப்பீர்கள். அதே அச்சுத்தான் இதுவும். முன்னால் "திஸ்" சேர்ந்தால் எதிர்மறை: "திசித்ராத்தாத்தா", தண்ணீர் வற்றிப்போனவர். அம்மையார் பெண் என்பதால் கடைசியில் "தா". ஆணாக இருந்தால் "தோ", பல ஆண்கள் "தி", பல பெண்கள் "தே". நான்கு வடிவம் உண்டு. இத்ராத்தாந்தே அவ்வளவு சிக்கல் இல்லை. ஆண்பால் பெண்பால் இரண்டுக்கும் ஒரே வடிவம், பன்மைக்கு "இத்ராத்தாந்தி". கிரேமா பெண்பால், "கிரேமா இத்ராத்தாந்தே". லாத்தே ஆண்பால், "லாத்தே இத்ராத்தாந்தே". இரண்டு கிரீம் என்றால் "துவே கிரேமே இத்ராத்தாந்தி". பெயர்ச்சொல்லுக்குப் பின்னால்தான் வரும், முன்னால் போடாதீர்கள். கடையில் அவசரத்துக்கு "ஊன இத்ராத்தாந்தே பேர் லெ மானி" என்றாலும் போதும், கிரேமா என்பது தானாகவே விளங்கும். கைக்குப் பூசும் கிரீம் ஒன்று என்று அர்த்தம்.

இப்போது லாத்தே என்றேன் அல்லவா, அதில் ஒரு கவனம் வேண்டும். "லாத்தே கோர்ப்போ இத்ராத்தாந்தே" என்று போத்தலில் எழுதியிருப்பது உடம்புக்குப் பூசும் தண்ணியான லோஷன். லாத்தே என்றால் பால், அதுபோல வெள்ளையாக இருப்பதால் அந்தப் பெயர். "லாத்தே தெதெர்ஜேந்தே" என்றால் முகம் துடைத்துக் கழுவுவது. இரண்டும் குடிக்கிற பால் அல்ல. புதிதாக வந்தவர்கள் வேலை செய்யும் வீடுகளிலும், கண் மங்கிய முதியவர்கள் உள்ள வீடுகளிலும் இந்தப் போத்தல்களை குசினியிலோ பிரிட்ஜிலோ வைக்க வேண்டாம்.

சரி, மகன் சொன்ன கிரீம் வீணா? இல்லை. வயது போன தோலில் எண்ணெய்ப் பசை குறைந்துவிடும், காலில் வெள்ளையாகச் செதில் எழும்பும், சொறிந்தால் புண்ணாகும். அதற்கு அது தேவைதான். ஆனால் அதன் வேலை தோலின் மேல் அடுக்கோடு முடிந்துவிடுகிறது. பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சேர்பொருள் பட்டியலில் பெரும்பாலும் முதலாவதாக "ஆக்குவா" என்று இருக்கும். தண்ணீர்தான். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி அதிகமாக உள்ளதை முதலில் எழுத வேண்டும். ஆனால் அந்தத் தண்ணீர் உடம்புக்குள் போய்த் தாகம் தீர்ப்பதில்லை, பெரும்பகுதி பூசிய கொஞ்ச நேரத்திலேயே ஆவியாகிவிடும். உண்மையான வேலையைச் செய்வது அதற்குப் பின்னால் வரும் பெயர்கள். கிளிசரின், யூரியா, ஹயலூரோனிக் அமிலம் போன்றவை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கின்றன. வாசலின் போன்றவை மேலே மூடி, இருக்கிற ஈரம் பறக்காமல் தடுக்கின்றன. அதனால்தான் மேல் கழுவித் துவாயால் ஒற்றி எடுத்தவுடன், தோல் இன்னும் கொஞ்சம் ஈரமாக இருக்கும்போதே பூச வேண்டும். காய்ந்த தோலில் நான்கு முறை பூசுவதைவிட, ஈரத் தோலில் காலையும் இரவும் பூசுவது நல்லது. மகன் இரண்டு முறை என்று எழுதியது சரியான கணக்கு.

யூரியா உள்ள கிரீம் என்றால் பெட்டியில் வீதம் போட்டிருக்கும். 5, 10 வீதம் ஈரப்பதத்துக்கு. 30, 40 வீதம் குதிகாலில் தடித்துப்போன தோலைக் கரைப்பதற்கு, அதைக் கை முகமெங்கும் பூசிவிடாதீர்கள். வெடித்த தோலில் யூரியா எரியும். அம்மையார் "ப்ரூச்சா!" என்று கையை இழுத்தால் எரிகிறது என்கிறார். அந்த இடத்தை விட்டுவிட்டு, மருந்துக்கடையில் யூரியா இல்லாத ஒன்றைக் கேளுங்கள்.

கிரீம் தட்டில் இத்ராத்தாந்தேக்குப் பக்கத்தில் வேறு சில சொற்களும் நிற்கும். "நூத்ரியேந்தே" என்றால் எண்ணெய்ப் பசை கூடியது, "பெல்லே செக்கா" எனப்படும் வறண்ட தோலுக்கு அதுதான் பொருந்தும். "எமோல்லியேந்தே" மிருதுவாக்குவது, "லெனித்தீவா" எரிச்சல், கடியைத் தணிப்பது. இத்தாலியர்கள் "பெல்லே செக்கா" என்றும் "பெல்லே திசித்ராத்தாத்தா" என்றும் பிரித்துச் சொல்வார்கள். முதலாவதில் எண்ணெய் குறைவு, இரண்டாவதில் நீர் குறைவு. இங்கேதான் நீங்கள் வைத்தியரைப் பிழையாக விளங்கிக்கொண்டிருக்கக்கூடும். "பெல்லே" என்ற சொல் கூட வந்தால் தோல். "சிஞ்ஞோரா", அதாவது அம்மையார் என்றோ, ஆளின் பெயரோடோ வந்தால் முழு உடம்பு. வைத்தியர் சிஞ்ஞோரா என்றுதான் சொன்னார்.

அதனால் உடம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நான் வைத்தியர் அல்ல, ஆனால் வெக்கைக் காலத்தில் அவசரப் பிரிவில் இந்தச் சொல்லைத்தான் அதிகம் மொழிபெயர்க்கிறேன். வைத்தியர்கள் ஒவ்வொரு குடும்பத்துக்கும் திரும்பத் திரும்பச் சொல்வதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

வயது போகப் போகத் தாகம் எடுப்பது குறைந்துவிடும். உடம்பில் தண்ணீர் வற்றியிருந்தாலும் அம்மையார் "நோன் ஓ சேத்தே", தாகம் இல்லை என்றுதான் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே தாகம் தெரியாது. சிறுநீரகமும் முன்புபோலத் தண்ணீரைப் பிடித்து வைக்காது. அதோடு பிரஷருக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் குளிசைகளில் சில சலத்தைக் கூட்டிப் போக்குகிறவை. இரவில் எழும்ப வேண்டிவரும் என்று பயந்து பின்னேரத்திலிருந்தே குடிக்காமல் விடுகிறவர்களும் நிறைய. ஆகவே கேட்கட்டும், கொடுப்போம் என்று காத்திருக்கக் கூடாது. கேட்காமலே கொடுக்க வேண்டும்.

தோலைக் கிள்ளிப் பார்த்து நீரிழப்பைக் கண்டுபிடிக்கலாம் என்று ஊரில் பிள்ளைகளுக்குச் செய்வார்கள். வயதானவர்களுக்கு அது நம்பத்தக்கது அல்ல, அவர்களின் தோல் சும்மாவே சுருங்கித்தான் நிற்கும். வாயைப் பாருங்கள், நாக்கு காய்ந்து ஒட்டுகிறதா. சலத்தைப் பாருங்கள், கடும் மஞ்சளாக, கொஞ்சமாகப் போகிறதா. எழும்பும்போது தலை சுற்றுகிறதா. எல்லாவற்றையும்விட, நேற்று வரை தெளிவாகக் கதைத்தவர் இன்று நாளும் கிழமையும் தெரியாமல் தடுமாறினாலோ, பகலெல்லாம் தூங்கிவிழுந்தாலோ, வயதுதானே என்று விட்டுவிடாதீர்கள். வைத்தியரிடம் சொல்லும் வசனங்களை எழுதித் தருகிறேன், பார்த்து வாசித்தாலே போதும். "பேவே பொக்கோ", கொஞ்சமாகத்தான் குடிக்கிறார். "ஆ லா பொக்கா அஷ்ஷூத்தா", வாய் காய்ந்திருக்கிறது. "லூரீனா எ ஸ்கூரா", சலம் கடும் நிறமாகப் போகிறது. "ஒஜ்ஜி எ கொன்ஃபூசா", இன்று தடுமாறுகிறார். இந்தக் கடைசி வசனத்தைச் சொல்ல வேண்டி வந்தால் அடுத்த நாளுக்குத் தள்ள வேண்டாம்.

எவ்வளவு கொடுப்பது? ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் கொடுத்த அளவு, பெண்ணுக்கு நாளொன்றுக்கு 2 லீற்றர், ஆணுக்கு 2.5 லீற்றர். இது சாப்பாட்டில் உள்ள நீரையும் சேர்த்த கணக்கு. அம்மையார் 2 லீற்றரையும் வெறும் தண்ணீராகக் குடிக்க வேண்டும் என்று இல்லை. கமொமில்லா, தீசானா போன்ற மூலிகைப் பானங்கள், தேநீர், ப்ரோதோ என்ற சூப்பில் போட்ட பஸ்தீனா என்ற சின்னப் பாஸ்தா, தோடம்பழம், கோடையில் வத்தகப்பழம், எல்லாம் கணக்கில் வரும். ஆனால் இத்தாலியச் சுகாதார அறிவுரைகளில் எப்போதும் ஒரு வாசகம் ஒட்டிக்கொண்டே வரும்: "சால்வோ தீவேர்சோ பரேரே தெல் மேதிக்கோ", வைத்தியர் வேறுமாதிரிச் சொல்லாதவிடத்து. இதயம் பலவீனமானவர்களுக்கும் சிறுநீரக வருத்தக்காரருக்கும் தண்ணீரை அளந்துதான் கொடுக்கச் சொல்வார்கள். அதனால்தான் முதல் வேலையாகத் தொலைபேசி எடுக்கச் சொன்னேன்.

ஒரு பெரிய கிளாஸை நிரப்பி முன்னால் வைத்தால் அவர் தொடமாட்டார். ஒவ்வொரு மணித்தியாலமும் அரைக் கிளாஸ், குளிசையோடு ஒரு கிளாஸ், கதைத்துக்கொண்டே இரண்டு மிடறு. "ஊன் சொர்சோ, சிஞ்ஞோரா", ஒரு மிடறுதான் என்று சொல்லிக் கொடுங்கள். "நீங்கள் குடிக்காவிட்டால் ஆஸ்பத்திரிதான்" என்று வெருட்டுவதைவிட அது நன்றாக வேலை செய்யும்.

குடிக்கும்போது இருமினால் நிறுத்துங்கள். இத்தாலியர் அதை "லே வா தி த்ராவேர்சோ" என்பார்கள், நாம் புரையேறுகிறது என்போம். எப்போதாவது என்றால் பரவாயில்லை. அடிக்கடி நடந்தால், வற்புறுத்திப் பருக்குவது ஆபத்து, தண்ணீர் நுரையீரலுக்குள் போய் நியூமோனியாவாகலாம். வைத்தியரிடம் இதே வசனத்தைச் சொல்லுங்கள். விழுங்குவதைப் பரிசோதிக்க "லோகோபெதிஸ்தா"விடம், அதாவது பேச்சு, விழுங்கல் சிகிச்சையாளரிடம் அனுப்புவார்கள். தேவைப்பட்டால் தண்ணீரைத் தடிப்பாக்கும் "அத்தென்சாந்தே" மாவோ, ஜெல்லியாக வரும் "ஆக்குவா ஜெல்" கிண்ணமோ எழுதித் தருவார்கள். பாருங்கள், அத்தென்சாந்தேயும் "ஆந்தே"தான், தடிப்பாக்குகிற பொருள்.

மருந்துக்கடையில் "சொலுத்ஸியோனே ரெஇத்ராத்தாந்தே ஒராலே" என்று ஒன்று கண்ணில் படும். "ரெ" என்றால் மீண்டும். ஊரில் வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் ஜீவனிதான் அது. உப்பும் குளுக்கோசும் சேர்ந்தது. வாந்தி, வயிற்றோட்டம் வந்தால் அருமையான பொருள். ஆனால் பிரஷர் உள்ளவருக்கு நாளாந்தப் பானமாகக் கொடுக்க வேண்டாம், அதில் உப்பு இருக்கிறது. கொடுக்கச் சொன்னால், பைக்கற்றில் எழுதியுள்ள மில்லிலீற்றர் அளவுக்குச் சரியாகக் கரையுங்கள். ஜீவனிக்கு ஒரு லீற்றர் என்ற பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள், இங்குள்ள பைக்கற்றுகள் பல சின்னவை.

கோடையில் சுகாதார அமைச்சு 27 நகரங்களுக்கு வெக்கை எச்சரிக்கை வெளியிடும், பலெர்மோவும் அதில் ஒன்று. "பொல்லீனோ ரொஸ்ஸோ", சிவப்புப் பொட்டு என்று தொலைக்காட்சியில் சொன்னால் அதுதான் உச்ச எச்சரிக்கை. அந்த நாளில் குடிக்கும் அளவு குறைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே "இத்ர" வேரில் நீங்கள் கேட்கப்போகும் வேறு சிலவற்றையும் சொல்லி விடுகிறேன். "கிரீசி இத்ரிக்கா" தண்ணீர்த் தட்டுப்பாடு, 2024 மே மாதத்தில் சிசிலிக்கு அவசரநிலை அறிவித்தபோது எல்லார் வாயிலும் இருந்த சொல். "இத்ராவுலிக்கோ" குழாய் திருத்துகிறவர். பீட்சாக் கடையில் "ஆல்தா இத்ரத்தாத்ஸியோனே" என்று எழுதியிருந்தால் மாவில் தண்ணீர் கூட என்று அர்த்தம்.

கடைசியாக, கோப்பில் உள்ள கடதாசி. நீங்கள் எழுதி அனுப்பிய வரியில் "நூத்ரித்ஸியோனே எ இத்ரத்தாத்ஸியோனே ஆர்த்திஃபிச்சாலி" என்று இருக்கிறது. "இத்ரத்தாத்ஸியோனே" என்றால் நீரேற்றல்; செயற்கையாக, குழாய் வழியாகவோ நாளம் வழியாகவோ உணவும் நீரும் ஏற்றுவதை அந்த வரி சொல்கிறது. 2017 டிசம்பரில் வந்த 219-ஆம் இலக்கச் சட்டம் இவற்றை மருத்துவ சிகிச்சை என்றே கருதுகிறது. அதனால் வேறு எந்தச் சிகிச்சையையும் போல, இது வேண்டும் அல்லது வேண்டாம் என்று ஒருவர் தெளிவான நிலையில் இருக்கும்போதே எழுதி வைக்கலாம். தனக்காகப் பேச நம்பிக்கையான ஒருவரை, "ஃபிதூசாரியோ"வை, நியமிக்கவும் செய்யலாம். அம்மையாரின் கடதாசி அப்படிப்பட்ட ஒன்றாகத்தான் தெரிகிறது.

அது உங்களைத் தடுக்கவில்லை, தங்கை. நீங்கள் வாய்வழியாகக் கொடுக்கும் ஒரு மிடறு தண்ணீருக்கும் அந்தக் கடதாசிக்கும் சம்பந்தம் இல்லை. அதில் என்ன முடிவு எழுதியிருந்தாலும் அதை நிறைவேற்றுவது வைத்தியரும் குடும்பமும், உங்கள் பொறுப்பு அல்ல. யாராவது உங்களிடம் அதில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள், மகனிடம் பேசச் சொல்லுங்கள். கோப்பு எந்த லாச்சியில் இருக்கிறது என்று மட்டும் தெரிந்து வைத்திருங்கள், அம்புலன்ஸ் வரும் நாளில் வைத்தியர்கள் கேட்பார்கள்.

இன்று பின்னேரம் மகனுக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். கிரீம் இரண்டு முறை பூசுகிறேன், வைத்தியர் சொன்ன அளவு தண்ணீர் கொடுக்கிறேன், எவ்வளவு குடித்தார் என்று ஒவ்வொரு நாளும் எழுதி வைக்கிறேன் என்று. இத்தாலியனில் இப்படி: "மெத்தோ லா கிரேமா துவே வோல்த்தே அல் ஜோர்னோ. லே தோ தா பேரே கோமே ஆ தெத்தோ இல் மேதிக்கோ. ஸ்கிரீவோ ஒஞ்ஞி ஜோர்னோ குவாந்தோ பேவே."